கட்டுற பணம் ஏறுது... கிடைக்கிற காப்பு சுருங்குது! வீட்டு இன்சூரன்ஸ் படுத்தும் பாடு: கொங்கு மண்டலத்தில் குமுறல்

கோவை:

வீட்டு லோன் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் பேங்க் பேப்பரை புரட்டினால், நடுவில் ஒரு வரி இருக்கும். 'இன்சூரன்ஸ்' என்று போட்டு பக்கத்தில் ஒரு பெரிய தொகை. ஏனுங்க இது என்று கேட்டால், எல்லாருக்கும் பிடிக்கிறதுதான் என்று பதில் வரும். வீட்டுக்கு பாதுகாப்புதானே என்று நினைத்து ஜனங்களும் கையெழுத்து போட்டுவிடுகிறார்கள்.

நாலு வருஷம் கழித்து மழையில் சுவர் விழுந்தாலோ, ஷார்ட் சர்க்யூட்டில் தீ பிடித்தாலோதான் அந்த பேப்பரை தேடி எடுக்கிறார்கள். அப்போதுதான் விஷயம் புரிகிறது. பிடித்த பணத்தில் பெரும்பகுதி வீட்டுக்கு போகவே இல்லை! வீட்டுக்கு என்று இருக்கிற சின்ன பாலிசியோ, தறி ஓடுகிற, லேத் ஓடுகிற, தையல் மெஷின் ஓடுகிற கொங்கு நாட்டு வீட்டை முழுசாக பார்க்கவே இல்லை!

"வீடு நம்முளுது, பாலிசி மட்டும் பேங்குதுங்களா?" என்பதுதான் சோமனூர், பல்லடம் பக்கம் தொடங்கி கணபதி, பீளமேடு வரை பொதுவான புலம்பல். இந்த புலம்பலில் நியாயம் இருக்கிறதா? கணக்கை பிரித்துப் பார்ப்போம்.

ஒரு லோன்... இரண்டு பாலிசி!

வீட்டு லோனோடு சேர்த்து விற்கப்படுவது பெரும்பாலும் இரண்டு பாலிசிகள். இரண்டுக்கும் 'வீட்டு லோன் இன்சூரன்ஸ்' என்றே பொதுப்பெயர். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

முதல் பாலிசி, லோன் வாங்கியவரின் உயிருக்கு. அவர் இறந்துபோனால் மீதி கடனை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிடும். குடும்பம் நடுத்தெருவுக்கு வராது. இது நல்ல விஷயம்தான். ஆனால் வீடு இடிந்தால், எரிந்தால், வெள்ளம் புகுந்தால் இந்த பாலிசியில் பைசா வராது.

இரண்டாவது பாலிசிதான் உண்மையான வீட்டு இன்சூரன்ஸ். தீ, இடி, புயல், வெள்ளம், நிலச்சரிவு, பூகம்பம் என்று கட்டடத்துக்கு வரும் சேதத்துக்கு பணம் தருவது இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், விலை அதிகம் முதல் பாலிசிக்குத்தான். சாதாரண வீட்டுக்கு கட்டட பாலிசி பிரீமியம் பெரும்பாலும் வருஷத்துக்கு சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். உயிர் பாலிசிக்கோ, 15, 20 வருஷத்துக்கான பிரீமியத்தை மொத்தமாக ஒரே தடவையில் பிடிப்பது வழக்கம். அதுவும் கையில் இருந்து வாங்குவதில்லை. லோனிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

60 ஆயிரம் எப்படி 1 லட்சத்து 30 ஆயிரம் ஆகிறது?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒருவர் லோன் வாங்குகிறார். இன்சூரன்ஸ் பிரீமியம் 60 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை லோனில் சேர்த்துவிட்டார்கள். வட்டி 9 சதவீதம். காலம் 20 வருஷம்.

இந்த 60 ஆயிரத்துக்கு மட்டும் மாதத் தவணையில் சுமார் 540 ரூபாய் கூடும். 540 ரூபாய்தானே என்று தோன்றும். 240 மாதம் கட்டி முடிக்கும்போது மொத்தம் கிட்டத்தட்ட 1 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் போயிருக்கும். இன்சூரன்சுக்கு 60 ஆயிரம், அதற்கு வட்டி 70 ஆயிரம்!

மில்லில் ஷிப்ட் பார்க்கிறவருக்கும், பவுண்டரியில் வேலை செய்கிறவருக்கும் மாதம் 540 ரூபாய் சின்ன தொகை இல்லை. 'வீட்டு இன்சூரன்ஸ் ரேட் ஏறிப்போச்சு' என்று ஜனங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் இந்த வட்டிதான்.

கட்டாயம் என்று சொன்னால்...

வீட்டு லோன் வாங்கினால் இன்சூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்று தனி சட்டம் எதுவும் இல்லை. அடமானம் வைத்த கட்டடத்துக்கு காப்பீடு இருக்க வேண்டும் என்று லோன் ஒப்பந்தத்தில் பேங்குகள் நிபந்தனை போடுவது உண்டு. அது நியாயமான நிபந்தனைதான். ஆனால் 'நாங்கள் காட்டும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும்' என்று நெருக்குவதற்கு விதிகளில் இடம் கிடையாது. இன்சூரன்ஸ் விற்கும் பேங்குகள் வாடிக்கையாளரை கட்டாயப்படுத்தக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதிகளே சொல்கின்றன.

மத்திய நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமனே 2024 நவம்பரில் மும்பையில் நடந்த வங்கி மாநாட்டில் இதை போட்டு உடைத்தார். பேங்குகள் தங்கள் சொந்த வேலையை கவனிக்க வேண்டும், தவறான முறையில் இன்சூரன்சை தலையில் கட்டுவதால் கடன் வாங்குபவரின் செலவு மறைமுகமாக ஏறுகிறது என்று அவர் பேசினார். டெல்லிக்கே தெரிந்த விஷயம், கவுண்டரில் மட்டும் இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது!

இன்னொரு ஆயுதமும் வந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் வீட்டு லோன் உள்ளிட்ட சில்லறை கடன்கள் எல்லாவற்றுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றை பேங்க் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. லோனோடு வசூலிக்கும் இன்சூரன்ஸ் தொகையும் அதில் காட்டப்பட வேண்டும். அதையும் சேர்த்து மொத்த செலவு வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று போட வேண்டும். கடன் வாங்குகிறவருக்கு புரிகிற மொழியில் இருக்க வேண்டும். கையெழுத்து போடும் முன் இந்த ஒரு பேப்பரை கேட்டு வாங்கினாலே பாதி ஏமாற்றம் தவிர்ந்துவிடும்.

5 சதவீதம், 18 ஆன கதை

அடுத்த சுமை வரி. 1994-ல் இந்தியாவில் சேவை வரி முதன்முதலில் வந்தபோது மூன்றே மூன்று சேவைகளுக்குத்தான் போட்டார்கள். டெலிபோன், பங்கு தரகு, மூன்றாவது பொது இன்சூரன்ஸ். அப்போது வரி 5 சதவீதம். 2016-ல் கூடுதல் வரிகளோடு சேர்த்து 15 சதவீதம் ஆனது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் 18 சதவீதம்.

3 ஆயிரம் ரூபாய் பிரீமியத்துக்கு அன்றைக்கு வரி 150 ரூபாய். இன்றைக்கு 540 ரூபாய்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிக்கும், மெடிக்கல் பாலிசிக்கும் ஜிஎஸ்டி அடியோடு நீக்கப்பட்டது. நல்ல முடிவு என்று எல்லாரும் வரவேற்றார்கள். ஆனால் வீட்டு பாலிசி அந்த பட்டியலில் இல்லை! உயிருக்கும் உடம்புக்கும் வரி இல்லை. தலைக்கு மேலே இருக்கிற கூரைக்கு மட்டும் 18 சதவீதம் அப்படியே நிற்கிறது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கே இன்சூரன்ஸ்!

வரி போக, அடிப்படை ரேட்டே ஏறுவது ஏன்? 2006 வரை தீ இன்சூரன்சுக்கு நாடு முழுக்க ஒரே கட்டண அட்டவணை இருந்தது. 2007 ஜனவரி 1 முதல் அந்த கட்டுப்பாடு போய்விட்டது. கம்பெனிகள் அவரவர் இஷ்டத்துக்கு விலை வைக்கலாம் என்றானது. முதலில் போட்டி போட்டுக்கொண்டு தள்ளுபடி கொடுத்தார்கள். நஷ்டம் வந்ததும் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிகளும் ஒரு பெரிய கம்பெனியிடம் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்கின்றன. மறுகாப்பீடு என்று பெயர். இந்தியாவில் அந்த பெரிய அண்ணன், அரசு நிறுவனமான ஜிஐசி ரீ. 2019, 2020-ல் இந்த நிறுவனம் பல தொழில்களின் தீ பாலிசிகளுக்கு குறைந்தபட்ச கட்டணம் வைத்தது. பஞ்சும் நூலும் புழங்குகிற மில்லுக்கும் குடோனுக்கும் எந்த கம்பெனிக்கும் பயம் அதிகம் என்பது தெரிந்ததுதான். அந்த சூட்டை இந்த வட்டாரம் நன்றாகவே உணர்ந்தது.

மறுகாப்பீட்டு கம்பெனிகள் பின்வாங்கினால் காப்பே காணாமல் போகும் என்பதற்கும் ஒரு முன்கதை உண்டு. 2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க் இரட்டை கோபுரம் தகர்க்கப்பட்டது. உடனே உலகம் முழுக்க மறுகாப்பீட்டு நிறுவனங்கள் பயங்கரவாத சேதத்துக்கு கையை விரித்தன. இந்தியாவிலும் 2002 ஏப்ரல் முதல் அந்த காப்பு தனியாக பிரிக்கப்பட்டு, அதற்கு தனி பணம் வசூலிக்கப்பட்டது. 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்களை பறிகொடுத்த கோவைக்கு அந்த காப்பின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கோ விழுந்த அடிக்கு இங்கே காப்பு சுருங்கியது.

இன்றைக்கு அமெரிக்காவிலும் இதே கூத்துதான். கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டேட் பார்ம் என்ற பெரிய கம்பெனி 2023-ல் புதிய வீட்டு பாலிசி தருவதை நிறுத்தியது. 2024-ல் சுமார் 72 ஆயிரம் பாலிசிகளை புதுப்பிக்க மாட்டோம் என்று அறிவித்தது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயில் ஆயிரக்கணக்கான வீடுகள் சாம்பலாயின. பணக்கார நாட்டிலேயே அந்த கதி என்றால், 3 சென்ட் வீட்டுக்காரர் என்ன செய்வார்?

எல்லா கம்பெனிக்கும் ஒரே பாலிசி

இருட்டில் ஒரு வெளிச்சமும் இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற வீட்டு பாலிசியை எல்லா பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளும் கட்டாயம் விற்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டது. பாலிசியின் அடிப்படை வாசகம் எல்லா கம்பெனிக்கும் ஒன்றுதான். விலை மட்டும் கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

இதில் தீ, வெடி விபத்து, இடி மின்னல், புயல், வெள்ளம், பூகம்பம், நிலச்சரிவு, கலவரம், பயங்கரவாதம், தண்ணீர் டேங்க் உடைவது வரை அடக்கம். தனியாக பிரித்த பயங்கரவாத காப்பு மறுபடி உள்ளே வந்துவிட்டது. வீட்டு சாமான்களுக்கு, கட்டட தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் தானாகவே காப்பு உண்டு. வீடு குடியிருக்க முடியாமல் போனால் வாடகை வீட்டுக்கும் பணம் உண்டு. 10 வருஷம் வரை மொத்தமாக எடுக்கலாம்.

இதில் மனை விலை சேராது. மறுபடி கட்ட என்ன செலவாகும் என்பதுதான் கணக்கு. கோவையில் சென்ட் விலை எங்கே போனாலும் அதற்கு பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. வீட்டின் சதுர அடியை கட்டுமான செலவால் பெருக்கினால் போதும்.

நடூர் சுவர் சொல்லும் பாடம்

2019 டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் நடூரை கோவை மாவட்டம் மறக்காது. விடாத மழையில், விடியும் முன்பே தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் சரிந்து பக்கத்து வீடுகள் மீது விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் பலியானார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. வீடுகள் தரைமட்டம்.

போன உயிருக்கு எந்த பாலிசியும் ஈடாகாது. ஆனால் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். பாரத் கிரஹ ரக்ஷா பாலிசியில் 'வெளிப்பொருள் மோதி ஏற்படும் சேதம்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. உதாரணமாக வாகனம், விழும் மரம், விமானம் என்று அடுக்கிவிட்டு, கூடவே 'சுவர்' என்றும் போட்டிருக்கிறார்கள். அடுத்தவர் சுவர் நம் வீட்டின் மேல் விழுந்தால் காப்பு உண்டு என்று அர்த்தம்.

இது எத்தனை பேருக்கு தெரியும்? பேங்க் லோன் இல்லாமல், சீட்டு பணத்திலும் நகை அடகிலும் கட்டிய வீடுகளுக்கு யார் வந்து பாலிசி விற்கிறார்கள்? பெரிய கமிஷன் இல்லாத சின்ன பாலிசி என்பதால் யாரும் படியேறி வருவதில்லை. பாதுகாப்பு தேவைப்படுகிற வீட்டுக்கு பாலிசி போய்ச் சேருவதே இல்லை.

அரசு நிவாரணம் வரும்தானே என்று சிலர் சொல்லலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சேதமடைந்த குடிசைக்கான நிவாரணத்தை தமிழக அரசு 5 ஆயிரத்தில் இருந்து 8 ஆயிரம் ரூபாயாக உயர்த்தியது. ஆபத்துக்கு உதவும் தொகை அது. வீடு கட்டுகிற தொகை இல்லை.

எங்கே கையை விரிப்பார்கள்?

பாலிசி இருந்தாலும் பணம் வராத இடங்கள் இருக்கின்றன. கொங்கு வட்டாரத்தை குறிவைத்து போட்டது போலவே சில நிபந்தனைகள்!

தறி வீடு: முன்னால் திண்ணை, பின்னால் குடும்பம், பக்கவாட்டில் நாலு தறி. சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் பக்கம் வீடு என்றால் இதுதான். திருப்பூரில் தறிக்கு பதில் தையல் மெஷின். கணபதி பக்கம் லேத். வீட்டு பாலிசியோ குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும். தொழில் நடக்கும் பகுதியும், தறியும், பாவு நூலும் இதில் சேராது. அதற்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று தனி பாலிசி இருக்கிறது. ஓரிடத்தில் உள்ள கட்டடம், மெஷின், சரக்கு எல்லாம் சேர்ந்து 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சின்ன தொழில்களுக்கானது. ஆக, ஒரே கூரைக்கு இரண்டு பிரீமியம்! தறி இருப்பதை சொல்லாமல் வீட்டு பாலிசி மட்டும் எடுத்துவிட்டு, தறி ஷெட்டில் பிடித்த தீ வீட்டுக்கும் பரவினால் அவ்வளவுதான். உண்மையை மறைத்தார் என்று கம்பெனி கை காட்டும். விசைத்தறிக்கு மின் வாரியத்தில் தனி கட்டணப் பிரிவே இருக்கிறது. மீட்டரே சாட்சி சொல்லிவிடும்.

ஓடைக்கரை வீடு: 2025 ஜனவரியில் கோவை சங்கனூர் ஓடை ஓரம், ஓடையில் வேலை நடந்துகொண்டிருந்தபோது மாடி வீடு சீட்டுக்கட்டு போல சரிந்து விழுந்த காட்சியை ஊரே பார்த்தது. நிலம் அமிழ்ந்து வீடு சேதமானால் பாலிசியில் பணம் உண்டு. ஆனால் ஆற்று அரிப்பு, பக்கத்தில் மண் தோண்டுவது, இடிப்பது, கட்டுவது, தரமில்லாத கட்டுமானம் ஆகியவற்றால் அமிழ்ந்தால் கிடையாது. ஓடைக்கரையில் வீடு சரிவதற்கு வேறு என்ன காரணம் இருக்கப் போகிறது?

பழைய வீடு: மழைக்கு ஒழுகுவது, ஓதம் ஏறுவது, கரையான் அரிப்பது, வயசாகி காரை பெயர்வது எதற்கும் பணம் கிடையாது. புது வீட்டில் வழக்கமாக விழும் விரிசலுக்கும் கிடையாது.

ஷார்ட் சர்க்யூட்: பிரிட்ஜில் ஷார்ட் ஆகி தீ பிடித்து வீடு எரிந்தால் வீட்டுக்கு பணம் வரும். ஷார்ட் ஆன அந்த பிரிட்ஜுக்கு வராது.

நகை: வீட்டு பாலிசி இருக்கிறதே, திருடு போனால் நகைக்கு பணம் வரும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வராது! தீ, வெள்ளம் போன்ற சேதம் நடந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும்தான் காப்பு. ஊருக்கு போயிருக்கும்போது பூட்டை உடைத்து அள்ளிக்கொண்டு போனால் அதற்கு தனி பாலிசி வேண்டும். நகைக்கு தனியாக மதிப்பு போட்டு சேர்க்க வேண்டும். அதற்கும் தனி பிரீமியம்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக கட்டினால் 'சில ஆயிரம்' என்று ஆரம்பித்த கணக்கு எங்கேயோ போய் நிற்கிறது. கட்டாவிட்டால் காப்பில் ஓட்டை.

பாதி தொகைக்கு பாலிசி... யாருக்கு லாபம்?

இன்னொரு உள்குத்து, பாலிசி தொகை. வீட்டை கட்ட 25 லட்சம் ரூபாய் ஆகிறது. லோன் 12 லட்சம்தான். பல இடங்களில் லோன் தொகைக்கு மட்டும் பாலிசி போடுகிறார்கள். பேங்குக்கு அது போதும். அதன் பணம் பத்திரம்.

வீடு முழுசாக போனால் வருவது அதிகபட்சம் 12 லட்சம். அதுவும் முதலில் பேங்குக்குத்தான் போகும். பாலிசியில் பேங்கின் பெயரை சேர்ப்பதே அதற்குத்தான். கடன் தீரும். குடும்பம் தெருவில் நிற்கும்.

பழைய தீ பாலிசிகளில் இதைவிட மோசம். 25 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 12 லட்சத்துக்கு பாலிசி எடுத்து, 5 லட்சம் ரூபாய் சேதம் என்றால், அதே விகிதத்தில் வெட்டி 2 லட்சத்து 40 ஆயிரம்தான் தருவார்கள். பாரத் கிரஹ ரக்ஷாவில் இந்த வெட்டு கிடையாது. பாலிசி தொகைக்கு உட்பட்டு, நடந்த சேதம் முழுக்க கிடைக்கும். தொகை பற்றாக்குறை என்று காரணம் காட்டி குறைக்க முடியாது. பழைய பாலிசியை வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கும்போது எந்த பாலிசி என்று பெயரை பார்த்துக்கொள்வது நல்லது.

இதையாவது செய்யுங்க!

புலம்புவதோடு நிற்காமல் செய்யக்கூடியவை சில உண்டு.

லோன் வாங்கியவர்கள் முதலில் பேங்கில் கேட்டு பாலிசி நகல்களை வாங்க வேண்டும். உயிர் பாலிசி எது, கட்டட பாலிசி எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டட பாலிசி காலாவதி ஆகிவிட்டதா என்று தேதி பார்க்க வேண்டும். லோன் 20 வருஷத்துக்கு, கட்டட பாலிசி சில வருஷத்துக்கு மட்டும் என்று இருப்பதும் உண்டு.

உயிர் பாலிசி வேண்டாம் என்றால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். லோனை முன்கூட்டியே அடைத்துவிட்டால், மீதி காலத்துக்கு ஏதாவது திரும்ப வருமா என்று அந்த கம்பெனியிடம் எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்ட பணம் ஏராளம்.

கட்டட பாலிசிக்கு நாலு கம்பெனியில் விலை கேட்க வேண்டும். அடிப்படை வாசகம் ஒன்றே என்பதால் ஒப்பிடுவது சுலபம். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் என நாலு அரசு கம்பெனிகளும் இருக்கின்றன. இப்போது இருக்கும் பாலிசி பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து மீதி காலத்துக்கான பணத்தை திரும்பக் கேட்கலாம் என்று 2024-ல் ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது.

தறி, லேத், தையல், முறுக்கு சுடுவது என வீட்டில் எந்த தொழில் நடந்தாலும் விண்ணப்பத்தில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் மிச்சமாகும் சில நூறு ரூபாய், பின்னால் பல லட்சத்தை விழுங்கிவிடும்.

சேதம் நடந்தால் உடனே கம்பெனிக்கு தகவல் தர வேண்டும். இடிபாடுகளை அள்ளும் முன் செல்போனில் படம் எடுக்க வேண்டும். தீ என்றால் தீயணைப்பு நிலைய சான்று வாங்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024-ல் வந்த விதி.

கம்பெனி மறுத்தால் அதோடு முடிந்துவிடவில்லை. எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஐஆர்டிஏஐயின் இலவச எண் 155255.

அரசுகள் என்ன செய்யணும்?

தனி ஆள் கவனமாக இருந்தால் மட்டும் இந்த பிரச்சினை தீராது. மூன்று வேலைகள் மேலே இருப்பவர்கள் கையில் இருக்கின்றன.

ஒன்று, வரி. உயிருக்கும் உடம்புக்கும் நீக்கிய ஜிஎஸ்டியை சின்ன வீடுகளின் பாலிசிக்கும் நீக்குவதில் என்ன தடை? ஆடம்பர பங்களாவுக்கு வேண்டுமானால் போடட்டும்.

இரண்டு, வீடும் தொழிலும் ஒரே கூரையில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரே பாலிசி. கொங்கு மண்டலத்தில் இது விதிவிலக்கு இல்லை, வாழ்க்கை முறையே இதுதான். விசைத்தறிக்கு இலவச மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டில் இருந்து 1,000 யூனிட்டாக 2023-ல் தமிழக அரசு உயர்த்தியது. தறி ஓட கரண்டு தரும் அரசு, தறி எரிந்தால் என்ன என்பதையும் யோசிக்க வேண்டாமா?

மூன்று, ஏழைகளின் வீட்டுக்கு மொத்த பாலிசி. இது புது யோசனையும் இல்லை. 1988-லேயே கிராமத்து ஏழைகளின் குடிசைகளுக்கு மத்திய அரசு தீ இன்சூரன்ஸ் திட்டம் கொண்டுவந்தது. 2024-ல் நாகாலாந்து அரசு, மழை வெள்ள பேரிடருக்காக மாநிலம் முழுமைக்கும் இன்சூரன்ஸ் எடுத்தது. சின்ன மாநிலத்தால் முடிந்தது தமிழ்நாட்டால் முடியாதா?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இன்சூரன்ஸ் துறையில் 100 சதவீத அன்னிய முதலீட்டுக்கு கதவை திறந்துவிட்டது. புது கம்பெனிகள் வரலாம். போட்டி வந்து விலை குறையலாம். ஆனால் வருகிறவர்கள் ரேஸ்கோர்ஸ் அபார்ட்மெண்டுக்கு மட்டும் போவார்களா, நடூர் காலனிக்கும் வருவார்களா என்பதுதான் கேள்வி.

வானம் கருக்கும்போதெல்லாம் சுவரை நிமிர்ந்து பார்க்கிற குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுக்கும் ஒரு பாலிசி பேப்பர் இருக்கணும், அதில் இருக்கிறது அவர்களுக்கு புரியணும். அதுவரைக்கும் இன்சூரன்ஸ் என்பது அவர்களுக்கு மாதத் தவணையில் கூடுகிற இன்னொரு 540 ரூபாய்தான்!